பல்செட்டுக்காரரின் கட்டைவிரல்

பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வாங்கி, அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து வார்த்து, செயற்கைப் பல் செய்து கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘பல்செட்டு’. ஒரு குழந்தையின் அச்சைக் கையில் எடுத்து, மேல்வரிசை முன்தள்ளி நடுவில் ஜன்னல் போலத் திறந்திருந்தால், “இது விரல் சப்புற கேஸ்” என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தை நிறுத்த அண்ணத்தில் மாட்டும் கம்பி வேலி செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு உண்மையை மறைக்கக் கூடாது. முப்பத்தெட்டு வயதிலும் அவர் தூக்கத்தில் கட்டைவிரல் சப்புவார்.

கல்யாணமான முதல் வாரமே, மதியம் கண்ணயர்ந்தபோது மனைவி பார்த்துவிட்டாள். அவர் விழித்ததும் விரலைத் துடைத்துக்கொண்டு, “தொழில் சம்பந்தமா ஒரு ஆராய்ச்சிம்மா” என்றார். அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

பழியைப் போட அவருக்கு ஓர் ஆள் இருந்தது. காலமாகிப்போன அம்மா. ரொம்ப நாள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் விரல், ரப்பர் காம்பு சப்பும் பழக்கம் குறைவு, பல்வரிசையும் பெரும்பாலும் ஒழுங்காக அமைகிறது என்று அவருக்கு அச்சு அனுப்பும் டாக்டரம்மா ஒருவர் ஒருநாள் சொல்லப்போக, அம்மா சீக்கிரமே பாலை நிறுத்தியிருப்பாள் என்று இவர் மனதுக்குள் தீர்ப்பெழுதிவிட்டார்.

மகள் பிறந்ததும் அவர் மேற்பார்வையாளர் ஆனார். “குடிச்சாளா? எவ்வளவு நேரம் குடிச்சா? ரெண்டு வயசு வரைக்கும் நிறுத்தவே கூடாது, தெரியுதா?”

“அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே குடுங்க” என்றாள் மனைவி.

எட்டாவது மாதத்தில் மகள் கட்டைவிரலை வாயில் வைத்தாள். வீடு பற்றிக்கொண்டதைப்போல அவர் டாக்டரம்மாவிடம் ஓடினார்.

“இந்த வயசுல எல்லாக் குழந்தையும் வெக்கிறதுதாங்க. விட்டுடுங்க, மூணு நாலு வயசுக்குள்ள தானா போயிடும்.”

“எனக்கு முப்பத்தெட்டு ஆச்சு டாக்டர். இன்னும் போகலையே!”

டாக்டரம்மா முகமூடிக்குள் சிரிப்பது கண்ணிலேயே தெரிந்தது. அன்றைக்கே பல்செட்டுக்காரர் தன் வாய்க்கு அச்சு எடுக்கச் சொன்னார். மகள் வளர்ந்து அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்குள் விட்டாக வேண்டும். அத்தனை குழந்தைகளுக்குச் செய்த வேலியைத் தனக்கும் வளைத்தார். டாக்டரம்மா அதை ஒட்டிவிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் வாயில் ‘ச’ செத்து ‘த’ ஆனது. ஒரு கிளினிக்குக்கு போன் போட்டு, “தார், தெட்டு ரெடி” என்றார்.

“தட்டா? நாங்க தட்டு எதுவும் கேக்கலையே” என்று வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம்தான் குழந்தையைப் பார்க்க அவருடைய அக்கா வந்தாள். அவரைவிடப் பத்து வயது மூத்தவள். வாய்க்குள் என்ன என்று கேட்டாள். அவர் கதை முழுவதையும் சொல்லி, “அம்மா தீக்கிரமே பாலை நிறுத்திட்டாங்கல்ல, அதான்” என்று முடித்தார்.

அக்கா இடுப்பில் கைவைத்தாள். “யாருடா சொன்னா? மூணு வயசு வரைக்கும் குடிச்சவன்டா நீ! பால் குடிக்கிறப்பவே கட்டைவிரலத் தயாரா நீட்டி வெச்சிருப்ப. அம்மா நகர்ந்த அடுத்த நொடி அது உள்ள போயிடும். அம்மா என்ன பாடு பட்டாங்கன்னு நான்ல பார்த்தேன்!”

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அங்கிருந்து சிரிப்பு கேட்டது.

டாக்டரம்மாவிடம் நியாயம் கேட்டார். “பொதுவா அப்படின்னுதாங்க சொன்னேன். உங்க வாய்க்குத் தனியா உத்தரவாதமா குடுத்தேன்?”

வீட்டுக்கு வந்தவர் அம்மாவின் படத்துக்கு முன் நின்றார். செய்யாத குற்றத்துக்கு எத்தனை வருடம் அவளைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. ‘மன்னிச்சிரும்மா’ என்று சொல்ல நினைத்தார். “மன்னித்திரும்மா” என்று வந்தது. பெற்றவளிடம் வாழ்நாளில் பேசாத செந்தமிழைக் கம்பி பேச வைத்துவிட்டது. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

ஆறு மாதத்தில் கம்பியைக் கழற்றினார்கள். விரல் பிறகு வாய்ப்பக்கம் போகவில்லை. மகள் ஒன்றேமுக்கால் வயதுவரை பால் குடித்தாள். விரலை அவள் எப்போதோ மறந்துபோயிருந்தாள். முளைத்த பல்லெல்லாம் இப்போதைக்கு நேராகத்தான் நிற்கின்றன.

அவர் மட்டும் இப்போது நகம் கடிக்கிறார்.

“இதுக்கு எந்தக் கம்பி மாட்டுவீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“அதை யோசிச்சுக்கிட்டேதான் கடிக்கிறேன்” என்றார்.