மச்சான் கடையில் ஒரு சொட்டு அயோடின்

ராஜபாளையத்து பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் தரம் பார்ப்பவர் சௌந்தரபாண்டியன். வெளுத்து வந்த துணியில் ஒரு சொட்டு அயோடின் விடுவார். நீலமாகக் கறுத்தால் துணியில் கஞ்சி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு சொட்டுக்கு ஆலையே நடுங்கியது. ஆனால் ஆலை வாசலைத் தாண்டிவிட்டால், ஒருவரிடம் ‘சௌக்கியமா’ என்று கேட்ட பிறகு அடுத்து என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

இந்தக் குறைக்கு அவரே கண்டுபிடித்த மருந்து அடுப்படி விஞ்ஞானம். டீக்கடையில் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பேச்சைத் தொடங்குவார். பக்கத்து வீட்டு விருந்தாளி ஒருவரின் வேட்டியில் இருந்த மஞ்சள் கறையில் சோப்பைத் தேய்த்து ரத்தச் சிவப்பாக்கிக் காட்டினார். அன்று பேச்சு அமோகமாக நடந்தது. பேசியது முழுக்க விருந்தாளி. வெயிலைப் பற்றிப் பேசுகிறவன் மனிதன், சோடா உப்பைப் பற்றிப் பேசுகிறவன் கிறுக்கனா என்று சௌந்தரபாண்டியன் பொருமினார். 

மகள் நாகஜோதிக்குக் கல்யாணம் முடிவானபோதுதான் சிக்கல் முற்றியது. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவடை ஏறுவது வழக்கமில்லை. அந்தத் தாய்மாமனோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் சமுத்திரம். ஒன்பது வருடமாக இவரோடு பேச்சு கிடையாது. நாகஜோதியின் பூப்புச் சடங்குப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மட்டும் சின்ன எழுத்தில் விழுந்துவிட்டது. அச்சகத்துப் பிழை என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சௌந்தரபாண்டியனுக்கு வார்த்தை வரவில்லை. குற்றம் அவ்வளவுதான்.

“பழச எடுத்துராதீக. அண்ணன்ட்ட சும்மா நாலு வார்த்த பேசுங்க, போதும்” என்று, அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கப் போகும் பஸ்ஸிலேயே மனைவி ஜெயசித்ரா சொல்லி வைத்தார். சும்மா பேசுவது எப்படி என்பதுதான் சௌந்தரபாண்டியனுக்குத் தெரியாதே. சட்டைப் பையில் அயோடின் குப்பி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சமுத்திரம் தாம்பூலத் தட்டைத் தங்கையிடம் வாங்கி ஓரமாக வைத்தார். வாழையிலைத் துண்டில் பால்கோவாவும் அதை ஒட்டி ஒரு பிடி சேவும் வைத்து நகர்த்தினார். “ஏட்டி, சாப்புடச் சொல்லு” என்றார், தங்கையின் கணவர் எங்கோ வெளியூரில் இருப்பதைப் போல.

சௌந்தரபாண்டியனின் திட்டம் உன்னதமானது. மாவு கலந்த பால்கோவாவாக இருந்தால் கறுக்கும். மச்சான் பால்கோவா கறுக்காது. அத்தனை பேர் முன்னாலும் மச்சானுக்குப் பெருமை. பிறகு பேச்சு தானாக ஓடும். “மச்சான், இத செத்த பாருங்க” என்று சொட்டு விட்டார்.

கறுத்தது.

வத்திராயிருப்பிலிருந்து வந்து இரண்டு கிலோ கட்டி வாங்கியிருந்த அம்மாள் ஒருவர் பொட்டலத்தை மெல்ல மேசையில் திருப்பி வைத்தார். சமுத்திரம் எழுந்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக இவர் முகத்தைப் பார்த்தார்.

“எங்கடையிலேயே வந்து என்னைய மாவு கலக்குறவன்னு சொல்லுதீகளோ? பாலும் சீனியும் தவிர எதாவது உள்ள போயிருந்தா எங்கையி வெளங்குமாய்யா?”

சௌந்தரபாண்டியனுக்கும் மூக்கு சிவந்தது. அவர் விட்ட சொட்டு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இலையைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். “சேவுப்பொடி ஒட்டிருக்கு மச்சான். சேவுல அரிசிமாவு. ரெண்டையும் ஒட்ட வச்சது யாரு, நானா?” என்றவர், சட்டியிலிருந்தே எடுத்து வேறு இலையில் வைக்கச் சொன்னார். சொட்டு விட்டார். கறுக்கவில்லை. சேவில் விட்டார். கரியாகக் கறுத்தது.

வத்திராயிருப்பு அம்மாள் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சமுத்திரத்தின் கோபம்தான் திரும்பிப் போகத் தெரியாமல் நின்றது. சடங்குப் பத்திரிகை, அதற்குப் பிறகு வந்த ஒன்பது தீபாவளி, கோயிலுக்கு வந்தும் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காமல் போனது என்று முக்கால் மணி நேரம் வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் சௌந்தரபாண்டியன் சளைக்காமல் பதில் சொன்னார். அச்சகத்துப் பிழையும் அதில் ஒருவழியாக வெளியே வந்தது. அவர் வாழ்நாளிலேயே நீளமான உரையாடல் அதுதான்.

கடைசியில் சமுத்திரம் தட்டிலிருந்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தார். தன் பெயர் மேல் விரலை வைத்தார், அடுத்த பெயர் மேல் வைத்தார். சௌந்தரபாண்டியன், துணியில் இழை எண்ணுகிற பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். சமுத்திரம் அதை வாங்கி வைத்து நிதானமாகப் பார்த்தார். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்துதான்.

“வாரேன் மாப்ள. மாலையோட வாரேன்” என்றார். “அந்தக் குப்பிய மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க. நாலு பேருக்குக் காட்டணும்.”

திரும்பும் பஸ்ஸில் ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சௌந்தரபாண்டியனுக்கு ஆற்றாமையாக வந்தது.

“அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டு, கடைசில குப்பியவும் புடுங்கி வச்சிக்கிட்டாரு பாத்தியா? சோதன நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னாரா உங்கண்ணன்?”