வரைபடத்தில் மூன்று மில்லிமீட்டர்

கோட்டைக்குப்பத்தில் துளசிங்கத்தை எல்லோரும் ‘சொரங்க சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, பூமிக்கு அடியில் போய்ச் சர்வேயர் வேலை பார்த்தவர் அந்தக் குப்பத்தில் அவர் ஒருவர்தான். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதிலிருந்து திருவிழாவில் மாலை, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடை நாற்காலி. மாலை போடும்போது தலையைக் குனிந்துகொள்வார். அடக்கமான மனுஷன் என்று ஊர் மெச்சும். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! அவருக்கு வெட்கம்.

தெலங்கானாவில் அவர் வேலை பார்த்த சுரங்கத்தில் நிலக்கரி இரண்டு அடுக்காகக் கிடந்தது. நடுவில் ஆறே மீட்டர் பாறை. மேலடுக்கை வெட்டும்போது, கூரை இடியாமலிருக்க ஆங்காங்கே கரியையே தூண்களாக விட்டுவைத்திருந்தார்கள். கீழடுக்கை வெட்டும்போது தூணுக்கு நேர் கீழே தூண், பாதைக்கு நேர் கீழே பாதை வர வேண்டும். மாடி வீடு கட்டுகிற கொத்தனாருக்கும் தெரிந்த சங்கதிதான். பிசகினால் மேல்தூணின் பாரம் முழுக்க, கீழே நடக்கிறவன் தலைக்கு மேல் இறங்கும். பிசகாமல் பார்த்துக்கொள்வது துளசிங்கத்தின் பொறுப்பு.

பாதை எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்ட, கூரையிலிருந்து மூன்று நூல்களில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுவார்கள். மூன்றும் ஒரே கோட்டில் தெரிந்தால் திசை சரி. ஒருநாள் வெடி வைத்ததில் ஒரு நூல் அறுந்தது. கருவியை வைத்து மறுபடி அளந்திருக்க வேண்டும். துளசிங்கம் அளக்கவில்லை. கரையில் தெரியும் கலங்கரை விளக்கத்தையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ப்படுத்தியே, நடுக்கடலில் வலை போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற குடும்பம் அவருடையது. நம் கண்ணுக்கு இரண்டு குறி போதாதா என்று ஒரு திமிர். அதே வெடியில் மிச்சமிருந்த நூல் ஒன்றின் ஆணியும் நகர்ந்திருந்தது. இரண்டே நூல் என்றால், எங்கே நகர்ந்தாலும் நேராகத்தான் தெரியும்.

அடுத்த மாதம் அளந்தபோது விஷயம் வெளிப்பட்டது. பாதை மூன்று மீட்டர் விலகி, மேல்தூணுக்கு அடியில் புகுந்திருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் வேலையை நிறுத்தியிருப்பார்கள். துளசிங்கத்துக்குத் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் மூன்று மீட்டர் என்பது வரைபடத்தில் வெறும் மூன்று மில்லிமீட்டர். பாதையின் கோட்டை, அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் வரைந்து, கையெழுத்தும் போட்டார்.

நாற்பதாம் நாள் கூரை இறங்கியது. அங்கே முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த சிவசங்கர் அந்த இடத்திலேயே செத்தான். முட்டு வேலைக்குப் பொறுப்பாளனான பிரதாப்புக்கு ஒரு கால் போயிற்று. பிரதாப் குப்பத்துக்குப் பக்கத்து அனுப்பம்பட்டுக்காரன், அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே துளசிங்கம்தான். விசாரணையில் ‘முட்டு போதவில்லை’ என்று எழுதினார்கள். இடிந்த பகுதியை அடைத்துவிட்டதால் யாரும் மறுபடி அளக்கவில்லை. துளசிங்கமும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. போன வெள்ளிக்கிழமை பிரதாப்பின் மனைவி ஜெஸ்ஸி போன் செய்து அவரை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

“வாண்ணா,” என்று பிரதாப் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். “சிவசங்கர் சம்சாரம் பானுப்ரியாவ பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். அது கால்ல வுழுந்தாத்தான் எனக்கு மனசு ஆறும். இன்னும் ரெண்டு முட்டு சேத்து நட்டிருந்தா அவன் இன்னிக்கு இருந்திருப்பான்.”

“அந்தம்மாக்குத் தெலுங்கு வுட்டா ஒண்ணும் தெரியாது. இவருக்கு வேலைக்கு வேண்டிய தெலுங்குதான் வரும்,” என்றாள் ஜெஸ்ஸி. “நீங்கதாண்ணா கூட வந்து, இவரு சொல்றத தெலுங்குல சொல்லணும். உங்களுக்கும் சேத்து டிக்கெட் போட்டுட்டேன்.”

“‘உன் புருஷன நான்தான் கொன்னுட்டேன்’, இத தெலுங்குல எப்டிண்ணா சொல்றது?” என்று பிரதாப் கேட்டான்.

அந்த வாக்கியம் தெலுங்கில் துளசிங்கத்தின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. தன் வாயால் சொன்னால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது அவருக்கு உறைத்தது.

“நீ நட்ட முட்டு சரிதாம்பா,” என்றார். “நான் போட்ட கோடு தப்பு. பாத தூணுக்கு அடியில பூந்துட்ச்சு. எனக்கு முன்னாலயே தெரியும். படத்துல மாத்தி வரஞ்சுட்டேன்.”

அவருக்கென்று கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பை ஜெஸ்ஸி தரையில் வைத்துவிட்டாள்.

பிரதாப் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“மாசாமாசம் எறா எடுத்தாந்து குடுப்பியே,” என்றான். “அப்பல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

பிரதாப் தன் முழங்காலுக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டிக்கெட்ட கான்சல் பண்ணாத ஜெஸ்ஸி,” என்றான் கடைசியில். பிறகு துளசிங்கத்தைப் பார்த்துப் பேசினான். அண்ணா என்று சொல்லவில்லை. “மூணு பேரும் போலாம். அந்தம்மா கிட்ட தெலுங்குல நீயே சொல்லு. அது திருப்பி உன்ன இன்னா கேக்குதோ, ஒரு வார்த்த வுடாம எனக்குத் தமிழ்ல சொல்லு.”