என் மகள் ஹோம்லியா?

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் பேசாதவர் யாரும் இல்லை. ஆனால் ஒருவருடைய ஆங்கிலம் மற்றவருக்கு விளங்கிவிட்டால் அன்றைக்கு மழைதான் பெய்யும்.

நான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆங்கிலத்தைக் கொண்டுவந்து, கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் அதை அலசிக் காயப்போட்டவள். கணவர் பிறம்ரனில் லொறி ஓட்டுகிறவர்களோடு பேசும் ஆங்கிலத்தில் பாதி கெட்ட வார்த்தை. அதை வாசலில் சப்பாத்தோடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சிட்னியில் இருக்கிற என் தங்கை ஒருமுறை போனில், “அக்கா, உனக்குக் கடற்கரைக்குப் போட நல்ல தோங்ஸ் ஒரு சோடி வாங்கி அனுப்பட்டோ?” என்று கேட்டாள். அங்கே அது ரப்பர்ச் செருப்பு. இங்கே அது மறைக்க வேண்டியதை மறைக்காத ஒரு வகை உள்ளாடை. “இந்த வயசிலை எனக்கேனடி உது? உனக்கு விசரோ?” என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

என் மகளின் ஆங்கிலம் ஸ்காபரோவில் பிறந்து எங்களோடு பிக்கரிங்குக்கு வீடு மாறியது. அவளுக்குப் பசித்தால் மார்வ்ட். கோபம் வந்தால் சீஸ்ட். சீஸுக்கும் கோபத்துக்கும் என்ன சொந்தம் என்று கேட்டால் கண்ணை உருட்டுவாள். ஒருநாள் கடையில் வாங்க வேண்டியதையெல்லாம், எந்தப் பால், எந்தக் கட்டுக் கொத்தமல்லி என்று விபரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். “சே லெஸ், அம்மா” என்றாள். பெற்றவளைப் பார்த்துக் குறைத்துப் பேசு என்கிறாளே என்று எனக்கு உச்சியில் ஏறியது. ஒரு கிழமை அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அந்தக் கிழமை வைத்த குழம்பிலெல்லாம் உப்பு அதிகம். பிறகுதான் தெரிந்தது, விளங்கிவிட்டது, மனதாரச் சம்மதம், இதற்குமேல் நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லுகிற சொல்லாம் அது.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு லண்டனில் ஒரு பொடியனைப் பிடித்துப்போனது. சொந்தக்காரர் கலியாணவீட்டில் சந்தித்தார்கள். அதற்குப் பிறகு எந்நேரமும் போன்தான். பொடியனை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கலியாணப் பேச்சு எடுத்தபோது மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“நான் இன்னும் ஓம் சொல்லேல்லை அம்மா. முதல் அவன்ரை அம்மாவைப் பாக்கோணும். அவவோடை ஒரே வீட்டிலையெல்லோ இருக்கப் போறன்.”

நியாயம்தான். அதனால் அந்த அம்மா, கணவரை இழந்தவர், பெப்ரவரிக் குளிரில் தனியாகவே விமானம் ஏறி எங்களைப் பார்க்க வந்தார். மகள் வாயிலிருந்து ஓம் என்ற ஒரு சொல் வந்தால் கலியாணம். வராவிட்டால் இல்லை. வீட்டை இரண்டுதரம் கூட்டினேன். பேர்போன கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கி, பெட்டியைக் குப்பைக்குள் ஆழமாகப் புதைத்து, நான் செய்ததாகச் சொல்லும்படி மகளிடம் கெஞ்சினேன்.

வாசலில் அவரைக் கண்டதும் மகள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அன்ரி, உதென்ன கோட்? உதைப் போட்டுக்கொண்டு எங்கடை ஃபிரிட்ஜுக்குள்ளைகூட நிக்க ஏலாது!”

அதோடு விட்டாளா? தன் காலில் கிடந்த பிங்க் நிறக் கம்பளிச் சொக்ஸைக் கழற்றி, அந்த மனுசியைச் சோபாவில் இருத்தி, காலில் மாட்டிவிட்டாள். நான் கண்ணால் எரித்தேன். அவள் பார்க்கவேயில்லை. ரோல்ஸ் தட்டை நீட்டி, “கடையிலை வாங்கினது அன்ரி. தான் செய்தது எண்டு சொல்லச் சொல்லி அம்மா கேட்டவா” என்றாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நின்றேன்.

அன்ரி ஒரு ரோலைக் கடித்து, விழுந்து விழுந்து சிரித்து, மகளை மேலும் கீழும் பார்த்து, லண்டன் ஆங்கிலத்தில், “ஓ டார்லிங், யூ ஆர் ஸோ ஹோம்லி!” என்றார்.

மகளின் முகம் மாறியது. தட்டை வைத்துவிட்டு விறுவிறு என்று மாடிக்கு ஏறினாள். அறைக் கதவு அடித்த சத்தத்தில் சுவர்ப் படம் ஆடியது. “அவசர ஃபோன் போலை” என்று சமாளித்துவிட்டு, கணவரைத் தேநீர் ஊற்ற வைத்துவிட்டு, பின்னாலேயே ஓடினேன்.

“ஷி கோல்ட் மீ அக்லி! எங்கடை வீட்டிலை இருந்து, என்ரை சொக்ஸைப் போட்டுக்கொண்டு!”

போனில் அகராதியைத் திறந்து என் மூக்குக்கு முன் பிடித்தாள். உண்மைதான். கனடாவில் ஹோம்லி என்றால் முகம் வடிவில்லாதவள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. எங்கள் மணமகள் தேவை விளம்பரங்களில் ஆங்கிலச் சொல் ஒன்று கட்டாயம் இருக்குமென்றால் அது ஹோம்லிதான். அது பெரிய புகழ்ச்சி என்று விளக்கினேன்.

“அப்ப தமிழிலை அதுக்கு என்ன?”

“குடும்பப் பாங்கான பிள்ளை எண்டு. அடக்க ஒடுக்கமான...”

“அடக்கமோ? ஆர், நானோ? அது அக்லியை விட மோசம்!”

அதுவும் சரிதான். போன கிழமைதான் நெடுஞ்சாலையில் குறுக்கே வந்தவனுக்குக் கண்ணாடியை இறக்கி இவள் சொன்னதில், பக்கத்தில் இருந்த லொறிக்காரத் தகப்பனே இரண்டு புதுச் சொல் படித்தார்.

அதற்குள் அவள் லண்டனுக்கு, உன் அம்மா என்னை ஹோம்லி என்று சொல்லிவிட்டா என்று செய்தி அனுப்பியிருந்தாள். பதில் வந்தது. “ஐ நோ! ஷி இஸ் வெல் சஃப்ட்!”

சஃப்ட் என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. கேட்கும்போது மூச்சு முட்டி முகம் சிவந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. ஆக, மேலே மகள் சீஸ்ட், கீழே மாமியார் சஃப்ட். கலியாணம் கரைந்து போகிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அழுகை வந்தது. சிரிப்பும் நிற்கவில்லை.

மகள் எழுந்தாள். “நேரை கேக்கப் போறன்.” தடுப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

“அன்ரி, நான் ஹோம்லி இல்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது. சத்தமாத்தான் கதைப்பன். அடக்க ஒடுக்கமான ஆளைத் தேடுறீங்களெண்டா அது நான் இல்லை. வடிவில்லாத ஆளைத் தேடுறீங்களெண்டாலும் அது நான் இல்லை!”

அன்ரி வாயில் இருந்த ரோலை மெல்ல மறந்துபோனார். என் கணவர் தேநீர்க் கோப்பையோடு சுவரோடு சுவராக நின்றார்.

“அடக்கமோ? உம்மையோ?” என்றார் அன்ரி கடைசியில். “இந்த வீட்டுக்குள்ளை வந்து கொஞ்ச நேரம் எண்டாலும், உம்மை அப்பிடிச் சொல்ல எனக்கென்ன கண் தெரியாதோ? பிள்ளை, லண்டனிலை ஹோம்லி எண்டா வேறை. போய் இருந்தவுடனை காலைத் தூக்கிக் கதிரையிலை வைக்கலாம் போலை இருந்தா, அதுதான் ஹோம்லி. முப்பது வருசமா அங்கை இருக்கிறன். ஒருத்தற்றை வீட்டிலையும் நான் அப்பிடி இருந்ததில்லை.”

அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். அவர் இரண்டு கால்களையும் சோபாவில் தூக்கி மடித்து வைத்திருந்தார். பிங்க் சொக்ஸ் இரண்டும் சேலைக்கரைக்கு வெளியே எட்டிப் பார்த்தன.

“அப்ப சஃப்ட்?” என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது.

“சரியான சந்தோசம் எண்டு அர்த்தம். உமக்கு என்னைப் பிடிக்காட்டி என்ன செய்யிறதெண்ட பயத்திலை பிளேனிலை ஒரு வாய் சாப்பிடேல்லை நான். பிறகு நீர் சொக்ஸ் போட்டுவிட, பாத்ரூமுக்குள்ளை போய் நிண்டு, பிள்ளை சரியான ஹோம்லி எண்டு மகனுக்கு மெசேஜ் அடிச்சனான். நீர் சமைக்க வேண்டாம், லண்டனிலையும் ரோல்ஸ் கடை இருக்கு. சத்தமாக் கதையும், அந்த வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கு. மேல் அறைக்கு உமக்குப் பிடிச்ச பெயின்ற் அடிப்பம், நான் மேலை ஏறி வரவே மாட்டன், கூப்பிட்டா மட்டும்...”

மகளின் கண் நிறைந்துவிட்டது. சோபாவில் அவரோடு ஒட்டி உட்கார்ந்து, தோளில் தலையை வைத்தாள்.

“அன்ரி,” என்றாள். “சே லெஸ்.”

அன்ரி சட்டென்று நிறுத்தினார். பாதி ரோலைத் தட்டில் வைத்தார். காலைக் கீழே இறக்கினார். “கனக்கக் கதைச்சுப்போட்டனோ? ஸொறி பிள்ளை” என்று என்னைப் பார்த்தார்.

அந்தச் சொல்லுக்காக ஒரு கிழமைக் குழம்பை உப்பாக்கியவள் நான். என் பிள்ளை எங்களை விட்டுப் போகப்போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“காலைத் தூக்கி வையுங்கோ அக்கா,” என்றேன். “பிள்ளை ஓம் எண்டு சொல்லுறா.”