யூட்யூப் அண்ணாவும் உலர்திராட்சையும்

இன்று அடையாறு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் என் மாணவிகள் இருவர். முதலாண்டு நர்சிங். என்னைப் பார்க்கவில்லை.

“ட்ரிப்ஸ்ல ஏன் வெறும் தண்ணி ஏத்தக் கூடாதுன்னு இப்பதான்டி புரியுது. ரத்த அணு உப்பி வெடிச்சிடும்!”

தொண்டைத் தண்ணி வற்ற நான் நடத்திய பாடம். பூரித்துப்போனேன்.

“யூட்யூப்ல அந்த அண்ணா செம்மடி. ரெண்டு மடங்கு ஸ்பீட்ல வெச்சாலும் புரியுது. நம்ம மேம் மெதுவாதான் சொல்றாங்க, தூக்கம்தான் வருது.”

அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்து சேனல் பெயரை மனப்பாடம் செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், தப்பு கண்டுபிடிப்பதற்காகவே அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. தண்ணீரில் ஊறி உப்பிய உலர்திராட்சையை வேறு காட்டுகிறான், பாவி.

நாளைய வகுப்புக்கு நானும் திராட்சை ஊறப் போட்டுவிட்டேன்.

லைக் மட்டும் போடவில்லை. நீங்களாக இருந்தால் போடுவீர்களா?