யூஜினின் காரும் என் நீலப் பாவாடையும்

என் கணவர் யூஜினுக்கு எல்லா நோய்க்கும் காற்றுதான் மருந்து. குழம்பு ஊசிப்போனால் காற்றோட்டம் போதவில்லை என்பார். ரேடியோ கரகரத்தால் அதன் முதுகு மூடியைக் கழற்றிக் காற்று காட்டுவார். போன மாதம் ஓசூர் ரோடு கல்லறையில் அவரை அடக்கம் செய்தபோது, என் தம்பி சிரில் பக்கத்தில் வந்து, "அக்கா, உள்ள காத்து வரலன்னு மச்சான் இப்போ சண்டை போடுவாரு பாரு" என்றான். நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். பாதிரியார் அதை அழுகை என்று நினைத்து என் தோளைத் தட்டினார்.

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் அவருக்குக் காற்றுப் பிரிவில் வேலை. பூமிக்கு அடியில் பாறையே அடுப்புபோல் கொதிக்கும். மேலிருந்து கான்வாஸ் குழாய் வழியாகக் குளிர்ந்த காற்றை அனுப்பினால், துவண்டு கிடந்த ஆட்கள் எழுந்து வேலை செய்வார்களாம். வேலையை விட்டு நாங்கள் ஆஸ்டின் டவுனுக்குக் குடிவந்த கையோடு அவர் ஒரு பழைய ஃபியட் வாங்கினார். பகலெல்லாம் இருட்டில் கழித்த மனிதர். வெயிலில், ஜன்னலை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு எதையும் அவர் தனக்கென்று கேட்டதில்லை.

கார் முழங்கைக்கு ஒத்துழைத்தது, ஏற்றத்துக்கு ஒத்துழைக்கவில்லை. சின்ன மேடு வந்தாலும் மூச்சு வாங்கும், பிறகு ஆவி விட்டு நின்றுவிடும். ஞாயிறு பூசைக்கு நாங்கள் பாதி நாள் காரைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். 1997 டிசம்பரில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வித்துடுங்க" என்றேன்.

"இஞ்சின் மேல தப்பு இல்ல பிரிசி. அது சூடான காத்த இழுக்குது. எட்டாயிரம் அடிக்குக் கீழ நிக்கிற ஆளு மாதிரி. அதுக்குக் குளுந்த காத்து குடு, அப்புறம் பாரு."

"நந்தி மலை ஏறட்டும். சூடாகி ஒரு தடவை நின்னாலும் வித்துடணும். நிக்கலன்னா நான் இனிமே வாயே திறக்கல."

"சத்தியமா?"

"சிரில் சாட்சி."

சிரிலிடம் புது மாருதி இருந்தது. அதனால் அவன் மிகுந்த ஆவலோடு சாட்சியானான்.

மறுவாரம் முழுவதும் அவர் காரின் மூடிக்குள் தலையை விட்டபடியே இருந்தார். ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் ஓட்டைகள் போட்டு முன்பக்கம் கட்டினார். ஜான்சன் மார்க்கெட் மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கி அதில் நிரப்பினார். ஐஸ் மேல் பட்டு வரும் காற்றை இஞ்சினின் வாய்க்குக் கொண்டுபோக ஒரு குழாய் வேண்டும். அந்த வாரம் என் நீலப் பாவாடை ஒன்று கொடியிலிருந்து காணாமல் போனது. மீன் வாடைக்குத் தெருப் பூனைகள் காரைச் சுற்றி உட்கார்ந்து அவர் வேலையைக் கவனித்தன.

சனிக்கிழமை விடியற்காலையில் டின்னில் புது ஐஸோடு புறப்பட்டோம். முன்னால் நானும் அவரும். பின்னால் சிரிலும், மடியில் பிரியாணிக் குண்டானோடு அவன் மனைவி பெர்னதெத்தும். மலையில் பனிமூட்டம். முதல் பத்து வளைவுகளைக் கார் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. என்னாலேயே நம்ப முடியவில்லை.

"மூச்ச பாத்தியா பிரிசி! இருவது வயசுப் பையன் மாதிரி ஏறுது!"

அடுத்த வளைவில் இருவது வயசுப் பையன் இருமினான், திணறினான், நின்றுவிட்டான்.

"முடிஞ்சுது" என்றான் சிரில். "மச்சான், சாவியக் குடுங்க."

"ஆவி எங்கடா? ஆவி வந்துதா?"

அவர் இறங்கி மூடியைத் தூக்கினார். ஆவி இல்லை. பெர்னதெத் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, அது உங்க பாவாட இல்ல?"

ஆமாம். நாடாவை இறுக்கி, காற்று வடிகட்டியின் வாயில் சுருக்குப் போட்டிருந்தார். சுற்றுலாப் பேருந்து ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலெல்லாம் தலைகள்.

"பேஜார் பண்ணாத பெர்னா" என்றார். "பருத்தித் துணிதான் காத்துக்கு நல்லது."

ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டி மறுபடி நின்றது. மறுபடி கிளம்பி, மறுபடி நின்றது. மூன்றாவது முறை நானே இறங்கினேன். காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்பரேட்டரைத் தொட்டதும் விரல் ஒட்டிக்கொண்டது. ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிபோல அதன் மேல் வெள்ளையாக உறைபனி. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள். மலைப் பனியின் ஈரமும் டின் ஐஸின் குளிரும் உள்ளே சேர்ந்து, பெட்ரோல் ஆவியாகும்போது உண்டாகும் குளிரும் கூடி, காற்று போகும் வழியையே ஐஸ் அடைத்துவிட்டது. நின்றபின் இஞ்சின் சூட்டில் அது உருகும், கார் கிளம்பும். அவ்வளவுதான். பாவாடையை உருவி என் பையில் திணித்தேன். அதன் பிறகு, அந்த மலைக் குளிரில், கார் உச்சிவரை நிற்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் காரைவிட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"சொன்னது சொன்னதுதான். மூணு தடவ நின்னுடுச்சு."

"பழைய இரும்பு எடுக்கிற குஜிரிக்கடைக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்தான், திங்கக்கிழமையே வரச் சொல்றேன்" என்றான் சிரில்.

"நீ சும்மா இருடா" என்றேன். "நான் என்ன சொன்னேன்? சூடாகி நின்னா விக்கணும்னு சொன்னேன். இது குளிராகி நின்னுது. குளிருக்கு நான் ஒண்ணுமே சொல்லல."

"அக்கா, இது அநியாயம்!"

"சாட்சி வாதாடக் கூடாது. பிரியாணிய எடு."

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருக்குமோ என்று நான் பயந்தேன். இல்லை. முகமெல்லாம் வெற்றி.

"அப்படின்னா குளுந்த காத்து வேல செய்யுது. ஒத்துக்கோ. ஓவரா வேல செஞ்சிடுச்சு, அதான்."

"ஒத்துக்க மாட்டேன்."

"கொஞ்சமாவது?"

"சாப்பிடுங்க."

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இஞ்சினுக்குள் கூடுதலாகப் போகும், கொஞ்சம் கூடுதல் பலமும் தரும். அந்தப் பத்து வளைவுகளைக் கார் அதனால்தான் அப்படி ஏறியதோ என்னவோ. இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒத்துக்கொண்டிருந்தால் அடுத்த வாரமே என் ஸ்கூட்டரில் மீன்கடை ஐஸ் கட்டியிருப்பார். ஒன்பது வருடம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஸ்கூட்டர் போயிருக்கும், அவ்வளவுதானே.