நிறுத்தினால் நிற்கிற பிளேயர்

"நீங்க வந்து மாட்டிட்டுப் போனதுலேருந்து எங்க வீட்டுக்காரர் என்கிட்ட பேசறதில்லைம்மா."

போனில் வந்த இந்தப் புகாரைக் கேட்டதும் ரிமோட்டக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹோம் தியேட்டர் மாட்டிக்கொடுக்கும் தொழிலில் அவர் கேட்காத புகார் இல்லை. சத்தம் வரவில்லை, படம் வரவில்லை, சத்தம் முன்னால் வந்து படம் பின்னால் வருகிறது, பின்பக்க ஸ்பீக்கரில் குரைத்த நாயைத் தேடி எங்கள் வீட்டு நாய் சோபாவைக் கிழித்துவிட்டது என்று எல்லாம் கேட்டாயிற்று. புருஷன் பேசவில்லை என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

பேசியது பல் டாக்டர் வீட்டம்மா. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாக்டரும் கிளினிக்கை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். வெளியூரில் இருக்கும் மகள்தான் அப்பா அம்மாவுக்கு என்று மாடி அறையில் புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர் எல்லாம் போடச் சொல்லி, ரிமோட்டக்காவை அமர்த்தியிருந்தார்.

நேரில் வருவதாகச் சொல்லி அக்கா போனை வைத்தார். தன் வேலையில் எங்கே ஓட்டை விழுந்தது என்று தெரியாமல் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு செய்தோம் என்ற கவலை பாதி, என்ன தப்பு என்று தெரிந்துகொள்ளும் ஆவல் பாதி. உண்மையைச் சொன்னால் ஆவல்தான் கொஞ்சம் கூடுதல்.

ரிமோட்டக்கா என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் மின்சாதனக் கடை ஒன்றின் பழுதுபார்க்கும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்தார். டிவியைத் திறக்கிற கௌரவமான வேலை ஆண்களுக்கு. ரிமோட்டுகள் இவர் தலையில். காபி குடித்த ரிமோட், குழந்தை கடித்த ரிமோட், கோபத்தில் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ரிமோட் எல்லாம் பாலித்தீன் உறைக்குள் வந்து சேரும். கழற்றித் துடைத்து மாட்டுகிற வேலையில் எத்தனை நாள்தான் மனசு நிற்கும்? அக்கா தேய்ந்த பட்டன்களைப் பார்த்துக் கதை கட்ட ஆரம்பித்தார். சத்தம் குறைக்கும் பட்டன் தேய்ந்திருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளை. சேனல் மாற்றும் பட்டன் மொட்டையாகிவிட்டால் பொறுமையில்லாத மனுஷன். பின்பக்கம் ரப்பர் வளையம் போட்டிருந்தால், பேட்டரி மூடியைத் தொலைத்தது யார் என்ற சண்டை அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. ரிமோட்டை வாங்கிப் போக வருகிறவர்களிடம் நைசாகக் கேட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில்தான் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

பிறகு அவரும் கணவரும் அதே தெருவில் சொந்தக் கடை போட்டார்கள். கல்லாவில் கணவர். வயர் வாங்க வந்தவரை நிறுத்திவைத்து உலக விஷயம் பேசி அனுப்புகிற ரகம் அவர். வீடு வீடாகப் போய் மாட்டுகிற வேலை அக்காவுடையது. மற்றவர்கள் திரையில் ஆரம்பித்து ரிமோட்டில் முடிப்பார்கள். இவர் ரிமோட்டில்தான் ஆரம்பிப்பார். எவ்வளவு பெரிய திரை என்பதைச் சுவர் சொல்லிவிடும், எத்தனை ஸ்பீக்கர் என்பதை அறை சொல்லிவிடும், ரிமோட்டையும் பிளேயரையும் மனுஷங்களைப் பார்த்துத்தான் எடுக்கணும் என்பது அவர் கட்சி. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் பழைய ரிமோட்டைக் கேட்பார். நாக்கை நீட்டச் சொல்லும் வைத்தியர் மாதிரி இருக்கிறது என்று கணவர் கேலி செய்வார்.

டாக்டர் வீட்டிலும் அப்படித்தான் கேட்டிருந்தார். பழைய டிஸ்க் பிளேயர் செத்துப்போயிருந்தாலும் அதன் ரிமோட் பத்திரமாக இருந்தது. மற்ற பட்டன்கள் எல்லாம் புத்தம் புதுசு. படத்தை அப்படியே நிறுத்திவைக்கிற பட்டனில் மட்டும் இரண்டு கோடும் அழிந்து, ரப்பர் குழி விழுந்து கிடந்தது. அக்கா மனசுக்குள் உடனே கதை கட்டியாயிற்று. வயசான இரண்டு பேர், அடிக்கடி எழுந்து பாத்ரூம் போகிறார்கள், அவ்வளவுதான். இதை வாய்விட்டுக் கேட்பது மரியாதையா? கேட்கவில்லை. கேட்காமலேயே ஒரு நல்ல காரியம் செய்து வைத்தார். படத்தை நிறுத்தினால் அறை விளக்கு தானாக எரியும்படி இணைத்துவிட்டார். இருட்டில் கால் தடுக்கி யாரும் விழக்கூடாதே. இந்த ஏற்பாட்டை நினைத்து நினைத்து அவர் பூரித்துப்போயிருந்தார்.

மறுநாள் மத்தியானம் போய் மணி அடித்தபோது டாக்டரம்மா அவரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். டாக்டரிடம் சாஃப்ட்வேர் புதுப்பிக்க வந்ததாகச் சொல்லச் சொன்னார். தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனுஷன் மொத்தமாக வாயை மூடிக்கொள்வாராம்.

"அவர் வீட்ல பேசற ஆளே இல்லம்மா. படம் பார்க்கும்போது நிறுத்துவார். நிறுத்திட்டு ஏதாவது சொல்வார். அன்னைக்கு நடந்தது, எப்பவோ நடந்தது, எல்லாமே அப்படித்தான் எனக்குத் தெரியும். எதிர்ல ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு அசையாம இருந்தாதான் இவருக்குப் பேச்சு வரும். தொழில் அப்படி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அக்காவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா விஷயத்துக்கு வந்தார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. டாக்டர் அப்போதுதான் கிளினிக் போட்டிருந்தார். அதனால் டாக்டரம்மாவே மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் பற்றி வீட்டில் அப்புறம் பேச்சே இல்லை. போன வாரம், புது ஹோம் தியேட்டரில் முதல் படம் பார்க்கும்போது, டாக்டர் படத்தை நிறுத்தினார். "உனக்கு மாற்றல் வந்துச்சே, அப்போ நான் ஒரு காரியம் பண்ணேன்" என்று ஆரம்பித்தார். அதற்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் திரையில் நடிகை போய், படம் நின்றால் பிளேயர் தானாகப் போடும் காட்சியாக ஏதோ மலை வந்தது. நல்லா இருக்கு என்று மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

"என்ன காரியம்? எனக்குத் தெரியாம மேலதிகாரியைப் பார்த்துப் பேசினாரா? நான் போகக்கூடாதுன்னு ஏதாவது பண்ணினாரா? எனக்குத் தூக்கமே இல்லம்மா."

நேராகக் கேட்டுவிடலாமே என்றார் அக்கா. நேராகக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார், அதற்கப்புறம் அது ஜென்மத்துக்கும் வராது என்றார் டாக்டரம்மா.

மாடிக்குப் போய் இரண்டு பேரையும் உட்காரவைத்து, சோதனைக்கு என்று ஒரு படத்தை ஓடவிட்டார் அக்கா. டாக்டர் நல்ல உயரம், சாதுவான முகம். மகள் தேர்ந்தெடுத்த பிளேயரோடு வந்த ரிமோட் அவர் உள்ளங்கையில் இருக்கும் இடம் தெரியவில்லை. வாயால் சொன்னால் வேலை செய்யும் வகை அது. கொஞ்ச நேரம் போனதும் டாக்டர் படத்தை நிறுத்தப் போனார். இருட்டில் கட்டைவிரல் மைக் பட்டனில் போய் விழுந்தது. "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று திரையில் எழுத்து வந்தது. டாக்டர் திடுக்கிட்டு ரிமோட்டைத் தள்ளிப் பிடித்தார். மறுபடி தேடி நிறுத்தினார். உடனே அக்காவின் அருமை விளக்கு எரிந்தது. காலமெல்லாம் அடுத்தவர் முகத்தில் விளக்கு அடித்தவர், தன் முகத்தில் விழுந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார். அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாத்ரூம் என்று நினைத்தோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பிறகு மலை வந்தது, அருவி வந்தது, கடைசியில் இன்னும் பார்க்கிறீர்களா என்று ஒரு கேள்வியும் வந்தது. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவர் வழக்கம் இல்லை போலிருக்கிறது. டாக்டர் பணிவாகப் பட்டனை அழுத்திப் படத்தை ஓடவிட்டார்.

விளக்கை அணைத்துப்போடுவது சுலபம். அங்கேயே செய்துவிட்டார். பிளேயர்தான் வம்பு. கடைக்கு வந்து அலமாரியில் இருந்த பிளேயர்களை எல்லாம் இறக்கி வரிசையாக மேஜையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை ஓடவிட்டு நிறுத்தினார். எது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எல்லாரும் எவ்வளவு வேகமாக ஓடும் என்றுதான் கேட்பார்கள்; நிறுத்தினால் நிற்குமா என்று எந்தப் பெட்டியின் மேலும் அச்சடித்திருக்கவில்லை. ஒன்று சீக்கிரமே பூப்படம் காட்டியது. ஒன்று கடிகாரம் காட்டியது. ஒன்றில் மெனுவுக்குள் போய் அந்தப் படங்கள் வராமல் செய்தால், உள்ளே இருக்கும் ஆப் தன் பங்குக்கு விளம்பரம் போட்டது. இன்னொன்று சொல்லாமல் கொள்ளாமல் தூங்கிப்போனது. ஒரே காட்சி நெடுநேரம் நின்றால் சில டிவித் திரைகளில் தழும்பு விழும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இதெல்லாம். துணித் திரையில் தழும்பு எங்கே விழப்போகிறது?

கணவர் பக்கத்தில் நின்று, படம் ஓடுவதை விட்டுவிட்டு ஓடாததைப் பார்க்கிறாயே என்று ஆரம்பித்து, தன் சித்தப்பா வாங்கிய முதல் டிவி வரைக்கும் வந்துவிட்டார். இந்த மனுஷனை நிறுத்த ஒரு பட்டன் இருந்தால் அது எப்போதோ தேய்ந்திருக்கும் என்று அக்கா நினைத்தார். ஆனால் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்றும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசியில் அகப்பட்டது ஓர் அசட்டுப் பெட்டி. இணையம் கிடையாது, மைக் கிடையாது. ஹார்ட் டிஸ்கை மாட்டினால் அதில் இருக்கும் படத்தைப் போடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மேஜையில் நிறுத்திவைத்துவிட்டு அக்கா சாப்பிட்டுவிட்டு வந்தார், கடைக்கு வந்தவர்களைக் கவனித்தார், கணக்குப் பார்த்தார். கதாநாயகன் தும்மப் போன வாயோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான். அக்காவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்தது ரிமோட். டாக்டரின் பெரிய கைக்கு நீளமாக, பட்டன் குறைவாக, புரொஜெக்டரையும் ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒன்றாக ஆள்கிற மாதிரி ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு சாதனத்தின் ரிமோட்டையும் இந்தப் புது ரிமோட்டுக்கு எதிரே மூக்கோடு மூக்கு வைத்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் கற்றுக்கொடுத்தார். நிறுத்தும் பட்டனைக் கட்டைவிரல் தானாக விழுகிற இடத்தில் வைத்து, அதன் மேல் பசையால் ஒரு சிறு மேடு போட்டார். மகளுக்குப் போன் செய்து மாற்றப்போவதைச் சொன்னபோது, இவ்வளவு நல்லதை விட்டுவிட்டு இந்தக் கட்டைப்பெட்டியா என்று மகள் முகம் கோணியது குரலிலேயே தெரிந்தது. அப்பா கைக்கு அந்த ரிமோட் ஒத்துவரவில்லை என்று மட்டும் அக்கா சொன்னார். மீதியைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

மாட்டப் போன அன்று வெளியே நல்ல வெயில். மாடி அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டதும் கும்மிருட்டு. சாதனங்கள் இருந்த அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஸ்குரூடிரைவரோடு நுழைந்துகொண்டு, படத்தை ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னார் அக்கா. இரண்டு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. அக்கா ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே மூன்றாவது ஆள் இருப்பதே மறந்துபோகும் அளவுக்குப் படம் ஓடியது.

டாக்டர் நிறுத்தினார். விளக்கு எரியவில்லை. திரையில் ஒரு கிழவர் பேச வாயைத் திறந்தபடி நின்றார். மலை வரவில்லை. அக்கா இடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வராதே, வராதே என்று பெட்டியைக் கெஞ்சினார். புரொஜெக்டரின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் அப்படியே போயிற்று.

"அன்னைக்குச் சொல்ல வந்தேனே," என்றார் டாக்டர். "உனக்கு மாற்றல் ஆர்டர் வந்தப்போ, மருந்து வாங்கப் போறேன்னு சொல்லிட்டு அந்த ஊருக்குப் போனேன். அங்க கிளினிக் போட ஒரு ரூம் பார்த்துப் பேசி முடிச்சுட்டு வந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, நீ வாசல்லயே நின்னுக்கிட்டு, வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சிரிச்சிருக்க மாட்டே."

இடுக்கில் அக்கா ஒயரைக் கட்டுவதை விட்டுவிட்டார். ஸ்குரூடிரைவர் கீழே விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே போகவும் வழியில்லை, இருக்கவும் முடியவில்லை. இத்தனை நாள் இந்த மனுஷன்மேல் சந்தேகப்பட்ட டாக்டரம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்க அவருக்கே அழுகை வந்தது. டாக்டரம்மா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் நன்றாகவே கேட்டது.

"எங்க இருந்துச்சு அந்த ரூம்?"

"உன் போஸ்டாபீசுக்கு எதிர்ல. மாடி. நாற்காலியை ஜன்னல் பக்கமா போடலாம்னு அளந்துகூடப் பார்த்தேன். நீ சாப்பிட வெளிய வந்தா தெரியும்."

டாக்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஜன்னல் பெருசா?" என்று கேட்டார்.