தையக்கார அக்கா டிரம்மை அறுத்த கதை

எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க: தையக்கார அக்காவோட புருஷன் ஹோட்டல் பாட்டுக்காரிகிட்ட வழியறாருன்னு அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு, கண்ணு மண்ணு தெரியாத கோவத்துல அவரோட பெரிய டிரம்மை ரம்பம் வச்சு அறுத்துட்டா. கேக்க நல்லாத்தான் இருக்கு. என் சலூனுக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் இந்தக் கதைக்கு ஒரு கை, ஒரு கால் ஒட்டிவிட்டுட்டுப் போவான். ஆனா நான் பக்கத்துக் கடைக்காரன். நடுவுல இருக்கறது ஒரு பலகைதான். அங்க தும்மினா இங்க எனக்கு மூக்கு ஒழுகும். நடந்தது வேற.

அக்கா புருஷனை நாங்க டமாரம் அண்ணன்னு கூப்பிடுவோம். வாயைத் திறந்தா நாலு வார்த்தைக்கு மேல வராது, கிண்டலுக்குத்தான் அந்தப் பேரு. ஹோட்டல்ல சனிக்கிழமை டான்ஸுக்கு டிரம் அடிக்கிறது வேலை. காலால மிதிச்சு அடிப்பாங்களே பெரிய டிரம், அது அவரோடது இருபத்திமூணு இஞ்ச். ஏதோ ஒரு தச்சன் கையில கிடைச்ச பலகையை வளைச்சு ஒட்டினது. அந்தக் காலத்துல அளவைப் பத்தி எவன் கவலைப்பட்டான்? மாட்டுத்தோலை நனைச்சு, வளையத்துல சுருட்டி மாட்டினா எந்த டிரம்முக்கும் பொருந்தும். அப்புறம் பிளாஸ்டிக் தோல் வந்துச்சு. அது வளையத்தோட சேர்ந்தே மெஷின்ல இருந்து வரும். இழுத்தாலும் வராது, சுருட்டினாலும் சுருங்காது. அதனால தோல் வர்ற அளவுதான் டிரம்மோட அளவுன்னு ஆயிருச்சு. பன்னெண்டு, பதிமூணு, பதினாறு, இருபத்திரெண்டு. கார்ல ஏத்தி இறக்கவும் அது வசதி. உலகமே அப்படி மாறிடுச்சு, அண்ணன் டிரம் மட்டும் மாறல.

ஒரு திங்கக்கிழமை அந்தத் தோல் கிழிஞ்சது. தோல் போடறவரு டிரம்மை விட்டுட்டு பை தைக்கப் போயி வருஷமாச்சு. மியூசிக் கடைக்காரன், "இருபத்திரெண்டு இருக்கு, இருபத்திநாலு இருக்கு. இருபத்திமூணு வேணும்னா செருப்புக்கடையில கேளுங்கண்ணே"ன்னு சிரிச்சான். புதுசு வாங்க வக்கில்ல. ஹோட்டல் மேனேஜர் வேற, கம்பெனியில செஞ்ச டிரம் செட் வச்சிருக்கற ஒரு பையனைக் கண்ணுல வச்சிருந்தான். சனிக்கிழமை அண்ணன் போகலன்னா அந்த நாற்காலி போச்சு.

இருபத்திரெண்டு இஞ்ச் தோலை வாங்கிட்டு அக்கா கடைக்கு வந்தாரு. "டிரம் ஒரு இஞ்ச் பெருசா இருக்கு. அறுத்து ஒட்டணும்"னாரு. ரம்பத்தை எடுப்பாரு, டிரம்மைத் தடவுவாரு, ரம்பத்தைக் கீழ வைப்பாரு. செவ்வாய்க்கிழமை முழுக்க இதே கூத்து. "ஏங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா, அறுக்க வந்தீங்களா?"ன்னு அக்கா கேக்கறது எனக்குக் கேட்டுச்சு.

புதன்கிழமை காலையில மேனேஜரைப் பாக்க அண்ணன் கிளம்பினாரு. அக்கா டேப்பை எடுத்தா. ஆயிரம் பேரு இடுப்பைப் பிடிச்ச கை. டிரம்மைச் சுத்தி அளந்தா, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு இஞ்ச் பட்டையை அறுத்து எடுத்தா, பசை போட்டு ஒட்டி, துணிக் கிழிசலால இறுக்கிக் கட்டினா. பேன்ட் இடுப்பு ஒரு இஞ்ச் பெருசுன்னா ஒரு இஞ்ச் பிடிப்பாங்க இல்ல? அதே கணக்கு.

அண்ணன் வந்தாரு. தோலை வச்சுப் பாத்தாரு. தோல் பொருந்தல.

"எவ்வளவு எடுத்த?"

"நீங்க சொன்ன ஒரு இஞ்ச்தான்."

"சுத்தளவுலயா?"

"பின்ன எதுல?"

"குறுக்களவுலம்மா. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம். அதுல ஒண்ணு குறையணும்னா சுத்துல மூணுக்கு மேல எடுக்கணும்."

அப்புறம் துணிக் கட்டை அவுக்கற சத்தம்தான் கேட்டுச்சு. கத்தியிருந்தாக்கூட நான் போய் விலக்கிவிட்டிருப்பேன். என் கத்தரியே நின்னுபோச்சு. கஸ்டமர் கண்ணாடியில என்னையே பாக்கறான்.

திரும்பப் பிரிச்சு, மறுபடி அறுத்து, ஒட்டி முடிக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயிருச்சு. பசை நல்லா இறுகணும்னா ரெண்டு நாள் வேணும். புதன்கிழமையே சரியா வெட்டியிருந்தா அந்த ரெண்டு நாளும் இருந்திருக்கும். சனிக்கிழமை தோல் அப்படியே கச்சிதமா உக்காந்துச்சு. அக்கா முகத்துல அப்பதான் ரத்தம் ஓடுச்சு. ஹோட்டல்ல வச்சு அண்ணன் திருகாணியை முறுக்கி சுருதி ஏத்தியிருக்காரு. மூணாவது திருகாணியில ஒட்டு வாயைப் பொளந்துருச்சாம். மேனேஜர், "அண்ணே, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க"ன்னானாம். கம்பெனி செட் பையன் உக்காந்தான், இன்னும் எந்திரிக்கல.

அண்ணன் இப்ப அக்கா கடையில பட்டன் வைக்கிறாரு. பாட்டுக்காரி கதையை அவரு காதுபட சொன்னாலும் மறுக்கறதில்ல, லேசா சிரிக்கிறாரு. பொண்டாட்டி பொறாமையில வேலை போச்சுங்கறது கேக்கக் கொஞ்சம் கெத்தா இருக்கு போல.

இதை எழுதப் போறேன்னு அக்காகிட்ட சொன்னேன். வாயில இருந்த குண்டூசியை ஒவ்வொண்ணா எடுத்து வச்சா. அண்ணன் அந்தப் பக்கம் குனிஞ்சுக்கிட்டாரு.

"பாட்டுக்காரிக்கு கவுன் தைக்கறதே நான்தான்டா. இவரு அவளை நிமிர்ந்துகூட பாத்ததில்ல. கோவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் அளவை தப்பா எடுத்தேன், இவரு வேலை போச்சு. அவ்வளவுதான். அதை எழுது."